கழித்துச் சொன்ன ஒரு கிலோ

போன வாரம் இடுப்பு வலிக்காக ஆலங்குடியில் ஒரு டாக்டரிடம் போயிருந்தேன். உள்ளே விடுவதற்கு முன் நர்ஸ் பெண் எடை பார்க்கச் சொன்னாள். செருப்பைக் கழற்றினேன், கைக்கடிகாரத்தைக் கழற்றினேன். தலையில் இருந்த கிளிப்பையும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, மூச்சை முழுசாக வெளியே விட்டபிறகுதான் மிஷினில் ஏறினேன். "செருப்போடயே ஏறலாங்க்கா, நூறு எரநூறு கிராம்ல என்ன வந்துறப் போகுது?" என்று சிரித்தாள். என்ன வரும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மிஷின் அறுபத்து மூன்று காட்டியது.

சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு காலத்தில் நான் நாற்பத்தெட்டு கிலோ குத்துச்சண்டைக்காரி. வீரமெல்லாம் ஒன்றுமில்லை. போட்டிக்குப் போனால் அட்டெண்டன்ஸ் கிடைக்கும் என்று கல்லூரியில் சொன்னார்கள், அதற்காகச் சேர்ந்தேன். கூடவே தனமும் சேர்ந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள், குத்துச்சண்டைக்கு மட்டும் எப்படித் தனியாக விடுவாள்? கடலைத் தொலியைச் சாக்கில் அடைத்து வேப்பமரத்தில் தொங்கவிட்டுக் குத்திப் பழகினோம். குத்தினால் தூசு பறக்கும். சண்டைக்காரிகள் இரண்டு பேரும் தும்மிக்கொண்டே இருப்போம்.

அப்போது எங்கள் போட்டிகளில் பெண்களுக்கு ஆகக் குறைந்த பிரிவு நாற்பத்தெட்டு கிலோ, அதற்கடுத்தது ஐம்பத்தொன்று. நான் சின்னதில், தனம் பெரியதில். மாவட்டத்தில் இந்த இரண்டு பிரிவுக்கும் எங்களை விட்டால் ஆளே இல்லை. எடை மட்டும் சரியாக இருந்துவிட்டால் கையைக்கூட ஓங்க வேண்டாம், இருவரும் ஜெயித்ததாக எழுதி, சென்னையில் நடக்கும் மாநிலப் போட்டிக்கு அனுப்பிவிடுவார்கள். மீமிசலில் கடல் பார்த்தவர்கள்தான் நாங்கள். ஆனாலும் மெரினாவில் எங்கே நின்று போட்டோ எடுப்பது என்பதுவரை பேசி வைத்திருந்தோம்.

எடை பார்க்கத்தான் இடமில்லை. கல்லூரி மிஷின் காலையில் ஒன்று சொல்லும், மாலையில் ஒன்று சொல்லும். தனத்தின் அப்பா கடலை மண்டியில் எடை போடுகிறவர். நீளக் கம்பியில் குண்டை நகர்த்திப் பார்க்கும் பழைய மேடைத் தராசு அங்கே இருந்தது. வாரா வாரம் இருவரும் அதில் ஏறுவோம். புதுக் கடலையும் செம்மண்ணும் சேர்ந்த வாசம் மூக்கில் ஏறும். ஒரு பிடி தின்ன முடியாமல் எச்சிலை விழுங்கிக்கொண்டு நிற்பேன். கம்பி ஆடி அடங்கியதும், மூட்டைக்குச் சொல்கிற அதே குரலில் கத்துவார். "நாப்பத்தேழு தொள்ளாயிரம்! எறங்கு ஆத்தா." மண்டியே திரும்பிப் பார்க்கும். எனக்குப் பெருமை பிடிபடாது.

போட்டி அன்று காலை புதுக்கோட்டையில் எடை மிஷினில் ஏறினேன். நாற்பத்தெட்டு தொள்ளாயிரம் காட்டியது. தோட்டைக் கழற்றினேன். அப்படியே நின்றது. அடுத்து ஏறிய தனத்துக்கும் வீட்டில் சொன்னதைவிடச் சரியாக ஒரு கிலோ கூடுதல். ஐம்பது எண்ணூறு. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "எங்கப்பா சாக்க கழிச்சுட்டாருடி!"

மூட்டை எடை போட்டால் சாக்குக்காக ஒரு கிலோ கழித்துச் சொல்வது மண்டி வழக்கம். மனுசர் எங்களுக்கும் கழித்திருக்கிறார். தனம் தப்பிவிட்டாள், நான் மாட்டிக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். வியர்த்துக் குறையட்டும் என்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். முந்நூறு கிராம்தான் போனது. பெயர் எழுதுகிறவர், "அம்பத்தொண்ணுல எழுதவா, வீட்டுக்குப் போறியா?" என்றார். ஐம்பத்தொன்றில் தனம் இருக்கிறாள். ஒருத்திதான் சென்னைக்குப் போக முடியும்.

"நான் வேணா விட்டுர்றேன்டி" என்றாள் தனம்.

அதற்கு நான் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. "ஒங்கப்பா கழிச்சதுல ஒனக்கு ஒண்ணும் போகலையே. நல்லாத்தான் பாத்துக் கழிச்சுருக்காரு."

தனம் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

முதல் ரவுண்டில் அவள் அடிக்கவே இல்லை. முகத்தை மறைத்தபடி நின்றாள். நான் ஆத்திரம் தீரும் மட்டும் அடித்தேன். நடுவர் அவளை எச்சரித்தார். அவள் அப்படி நிற்க நிற்க எனக்குத்தான் கை தளர்ந்தது. இரண்டாம் ரவுண்டில், "அடிடி" என்று கெஞ்சினேன். அடித்தாள். மூன்று கிலோ வித்தியாசம் எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தோற்றுவிட்டேன், நியாயமாகவே தோற்றேன்.

வெளியே அவள் அப்பா ஒரு துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தார். எடை பார்த்து முடிந்ததும் நாங்கள் ஆசை தீரத் தின்னட்டும் என்று கடலையை அவித்து எடுத்துவந்திருந்தார். யாரோ நடந்ததைச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "மூட்டையா புள்ளையான்னு இந்த வாய்க்குத் தெரியலையே ஆத்தா. கம்பி நின்ன ஒடனே ஒரு கிலோவக் கழிச்சிருது" என்றார். அந்த முகத்தைப் பார்த்து இன்னும் எப்படிச் சந்தேகப்படுவது? பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தனம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வீங்கிய உதட்டோடு ஒவ்வொன்றாக உரித்து என் கையில் போட்டாள். "சொன்னது தப்புடி" என்றேன். "தின்னு" என்றாள்.

சென்னைக்குத் தனம் மட்டும் போய், முதல் சண்டையிலேயே தோற்றுவிட்டு, எனக்காக ஒரு பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்து வந்தாள். அதன்பிறகு மண்டிப் பக்கம் எப்போது போனாலும் அவள் அப்பா என்னை விடமாட்டார். தராசில் ஏற்றி, "நாப்பத்தொம்பது! கழிக்கல!" என்று கத்துவார். என் கல்யாணத்துக்கு முதல் நாள்கூடக் கத்தினார்.

இப்போது அந்த மண்டியில் எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது. சிவப்பு எழுத்தில் தானாகவே காட்டிவிடுகிறது, சத்தமே இல்லை. அவர் போய் மூன்று வருடமாகிறது. டாக்டரிடமிருந்து திரும்பும்போது, அறந்தாங்கியில் இருக்கும் தனத்துக்குப் போன் செய்து இடுப்பு வலிக் கதையைச் சொன்னேன்.

"எடை என்னடி காட்டுச்சு?"

"அறுபத்திரெண்டு."

"எங்கப்பா போட்ட எடையா?" என்றாள்.

"ஆமாடி" என்றேன்.