மருத மரத்துத் தேன்கூடு

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் கோயிலுக்குப் போவார்கள், மலையைச் சுற்றுவார்கள், ஆசிரமத்தில் கண்ணை மூடி உட்காருவார்கள். அதற்குப் பிறகு, குழந்தைகளோடு வந்தவர்களுக்கு மட்டுமாவது, கொஞ்சம் தண்ணீரும் நிழலும் வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவர்களை வேனில் ஏற்றி ஏரிக்கரைக்கு அழைத்துப் போய், சாப்பாடு போட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் கஸ்தூரியின் பிழைப்பு.

கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லையில் வளர்ந்தவள். கணவன் அருணகிரி ஒரு லாட்ஜில் சமையல்காரனாக இருந்து, பிறகு சொந்தமாக வேன் வாங்கி ஓட்டினான். அவனுக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கியபோது வேன் சாவி இவள் கைக்கு வந்தது. அன்றிலிருந்து அவன் வீட்டில் சமைக்கிறான், இவள் ஓட்டுகிறாள். செங்கம் சாலையில் தங்கும் விடுதி நடத்தும் உண்ணாமலை என்ற பெண்மணிதான் இவளுக்கு ஆட்களை அனுப்புவாள்.

கோடையில் எல்லா ஏரியும் உதவாது. பாதி வெடித்துக் கிடக்கும். மீதியில் சிலவற்றின் கரையில் காலி பாட்டில்களும் கண்ணாடிச் சில்லும்தான் இருக்கும். சாத்தனூர் அணைப் பக்கம் விடுமுறை நாளில் உட்கார இடம் கிடைக்காது. அதனால் கஸ்தூரி முன்னாடி நாளே போய்ப் பார்த்துவிட்டு வருவாள். மதியத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, குழந்தை காலை நனைக்க மேடான இடம் இருக்கிறதா என்று பார்ப்பாள்.

அவளுக்கு மிகவும் பிடித்த இடம் கீழ்பென்னாத்தூரைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிற ஓர் ஏரி. ஊரில் வெறுமனே பெரிய ஏரி என்பார்கள். அதன் மதகுக்குப் பக்கத்தில் கிழட்டு மருத மரம் ஒன்று நிற்கிறது. அதன் கீழ் உட்கார்ந்தால் தண்ணீரைத் தொட்டு வரும் காற்று நேராக முகத்தில் படும். தூரத்தில் அண்ணாமலை மங்கலாகத் தெரியும். மரத்தின் உச்சிக் கிளையில் முறம் அளவுக்கு ஒரு மலைத்தேன் கூடு தொங்கியது. தை மாதத்திலிருந்தே அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வெளிநாட்டுக்காரர்கள் சிலர் கழுத்தை அண்ணாந்து படம்கூட எடுத்திருக்கிறார்கள். அவ்வளவு உயரத்தில் இருப்பது நம்மை என்ன செய்யும் என்று நினைத்தாள். அதன் கீழே எத்தனையோ தடவை ஜமுக்காளம் விரித்தாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை.

கத்திரி வெயில் நாளில் சென்னையிலிருந்து கவிநிலா வந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை. கூட அவளுடைய மகள் பூஜா, இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அப்பா ராமன். காலையிலேயே கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் ஏரிக்கு வந்துவிட்டார்கள். போன மழைக்காலம் நன்றாகப் பெய்ததால் ஏரியில் பாதிக்குமேல் தண்ணீர் நின்றது. வேனைக் கரையின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டு, ராமனைக் கைத்தாங்கலாக மெதுவாக மரத்தடிக்கு நடத்திக்கொண்டு போனார்கள். கரை குறுகலானது, இரண்டு ஓரமும் மழையில் அரித்திருந்தது. அதன் மேல் கஸ்தூரி ஒருநாளும் வண்டியை ஏற்றியதில்லை.

மடக்கு நாற்காலியில் உட்கார்ந்த ராமன் நீளமாக மூச்சு விட்டார். “சென்னையில இந்தக் காத்தக் காசு குடுத்தாலும் வாங்க முடியாது,” என்றார். பூஜா தண்ணீர் ஓரத்தில் கொக்குகளை விரட்டிக்கொண்டிருந்தாள். பதினொன்றரைக்கே பசிக்கிறது என்றாள். கஸ்தூரி ஜமுக்காளத்தை விரித்து, புளிசாதத்தையும் மல்லாட்டைத் துவையலையும் எடுத்து வைத்து, நுங்கை உரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் தலைக்கு மேலே படபடவென்று இறக்கைச் சத்தம் கேட்டது. பருந்து மாதிரி ஒரு பறவை உச்சிக் கிளையில் மோதி, எதையோ காலால் பிய்த்துக்கொண்டு பறந்தது. கை அகலத்துக்கு ஒரு தேனடைத் துண்டு ஜமுக்காளத்தின் ஓரத்தில் பொத்தென்று விழுந்தது. பூஜா அதைப் பார்க்கக் குனிந்தாள்.

கஸ்தூரி மேலே பார்த்தாள். கூட்டின் மேலிருந்த கறுப்புத் தோல் உரிந்து கீழே வருகிற மாதிரி இருந்தது. தூரத்தில் மழை வருகிற மாதிரி ஓர் இரைச்சல்.

“மூஞ்சிய மூடிக்கினு ஓடுங்க! வேனுக்கு ஓடுங்க!”

கத்திக்கொண்டே பூஜாவை இழுத்துக் கவிநிலாவின் மேல் தள்ளினாள். கவிநிலா துப்பட்டாவை மகளின் தலையில் சுற்றிவிட்டு அப்பாவிடம் திரும்பினாள். ராமன் எழுந்திருக்கப் பார்த்தார். நாற்காலி மடங்கிக்கொள்ள, பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார்.

“அப்பா!”

“புள்ளைய இட்டுக்கினு போங்க! ஐயாவ நான் பாத்துக்கிறேன். போங்க!”

அந்த ஒரு விநாடி கவிநிலாவின் முகம் எப்படி இருந்தது என்பதைக் கஸ்தூரி பிறகு யாரிடமும் சொன்னதில்லை. பூஜா வீறிட்டாள், அவளுடைய கையில் கொட்டிவிட்டது. கவிநிலா மகளை வாரி எடுத்துக்கொண்டு ஓடினாள்.

கஸ்தூரி ஜமுக்காளத்தை உருவினாள். சாதமும் தட்டும் சிதறின. அதை ராமன் மேல் தலையோடு போர்த்தி, இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தாள். அவர் கனமான மனிதர், முழங்காலோ மடங்கவில்லை. அதற்குள் அவளுடைய முடிக்குள் தேனீக்கள் புகுந்துவிட்டன. கழுத்திலும் காதிலும் ரவிக்கைக்குள்ளும் நெருப்புக் குச்சியால் தொட்ட மாதிரி எரிந்தது.

“நீ போம்மா,” என்று ஜமுக்காளத்துக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. “போ, நீயும் சாவாத.”

“அசையாதீங்க ஐயா. முகத்த மண்ணப் பாத்து வச்சிக்குங்க. வண்டி எடுத்தாரேன்.”

விளிம்புகளை அவர் உடம்புக்கு அடியில் செருகிவிட்டு ஓடினாள். முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டதில் பாதை பாதிதான் தெரிந்தது. பின்னால் ஓர் இரைச்சல் கூடவே வந்தது.

வேன் கதவைத் திறந்து உள்ளே விழுந்தபோது அவளோடு சில தேனீக்களும் உள்ளே வந்தன. கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. உள்ளே அடுப்பு மாதிரி சூடு. பூஜா சீட்டுக்கு அடியில் சுருண்டிருந்தாள்.

“அப்பா எங்க? அவர விட்டுட்டு வந்துட்டீங்களா?” கவிநிலா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“மூடி வச்சிட்டு வந்துருக்கேன். வண்டியோட போய்த் தூக்கலாம்.”

சாவியைத் திருப்பினாள். எதிரே அந்தக் கரை. ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் வேலிகாத்தான் புதர்களுக்குள் இறங்கும் சரிவு. வண்டியின் அகலத்துக்கும் கரையின் அகலத்துக்கும் நடுவே ஒரு முழம் மிச்சமிருக்குமா என்பதுகூடச் சந்தேகம். வண்டி புரண்டால் நான்கு பேரும் போவார்கள். பூஜாவை இறக்கிவிட்டுப் போகலாம் என்றால் வெளியே தேனீ. யோசிக்க நேரமில்லை. கஸ்தூரி முதல் கியரைப் போட்டாள்.

“அந்த ஓரத்தப் பாத்துச் சொல்லுங்க. எனக்கு இடது கண்ணு மூடிக்கிச்சி.”

கவிநிலா கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டாள். “கொஞ்சம் வலது... போதும். போதும்! இடது பக்கம் மண்ணு சரியுது... இப்ப நேரா.”

முன்கண்ணாடியில் தேனீக்கள் அப்பியிருந்தன. வைப்பரைப் போட்டதும் மஞ்சளாக இழுபட்டு, இருந்த பார்வையும் போனது. பின்சக்கரம் ஒன்று எதிலோ இறங்கி வண்டி தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தது. கஸ்தூரி பிரேக்கைத் தொடாமல், ஸ்டியரிங்கை மட்டும் கொஞ்சமாகத் திருப்பி, ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்தினாள். சக்கரம் ஏறிக்கொண்டது.

நாற்காலி வண்டிக்கு அடியில் நொறுங்கியது. ஜமுக்காள மூட்டை கதவுக்கு நேராக வந்தது. அதன் மேல் தேனீக்கள் கறுப்பாக மொய்த்திருந்தன. அது அசையவில்லை.

“நான் சொன்னதும் திறங்க. நீங்க கால் பக்கம், நான் தல பக்கம். கைய உதறக் கூடாது, எது கொட்டினாலும்.”

“சரிக்கா.”

கதவு இழுபட்டது. இரண்டு பெண்களும் அவரை ஜமுக்காளத்தோடு சேர்த்துத் தூக்கினார்கள். முதல் தடவை முடியவில்லை. இரண்டாம் தடவை ராமன் ஜமுக்காளத்துக்குள்ளிருந்து ஒரு கையை நீட்டிக் கதவுப் படியைப் பிடித்துக்கொண்டு தானும் உந்தினார். உயிர் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. கவிநிலா அழுதுகொண்டே கதவைச் சாத்தினாள்.

முன்னால் மதகு, வழியில்லை. வந்த தடத்திலேயே பின்னால் போயாக வேண்டும். கஸ்தூரி ஒரு கண்ணோடு கழுத்தைத் திருப்பி, கவிநிலா சொல்லச் சொல்ல, அடி அடியாக வண்டியைப் பின்னுக்கு எடுத்தாள். தார்ச்சாலை ஏறியதும் எல்லாக் கண்ணாடியையும் இறக்கி வேகமாக விட்டாள். காற்றில் தேனீக்கள் ஒவ்வொன்றாக வெளியே போயின.

ராமனின் உதடு வீங்கித் தடித்திருந்தது. மூச்சு விசிலடித்த மாதிரி வந்தது. “தாத்தா, தாத்தா,” என்று பூஜா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். முதலில் கண்ணில் பட்ட ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியபோது அவர் பதில் சொல்வதை நிறுத்தியிருந்தார்.

உள்ளே கொண்டுபோனார்கள். ஊசி போட்டார்கள், ஆக்ஸிஜன் வைத்தார்கள். வெளியே பெஞ்சில் ஒரு நர்ஸ் கஸ்தூரியின் கழுத்திலிருந்து கொடுக்குகளைச் சுரண்டி எடுத்தாள். கஸ்தூரியின் முகம் அடையாளம் தெரியாமல் உப்பியிருந்தது. அருணகிரி பஸ் பிடித்து வந்து சேர்ந்தான். அவளைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டான்.

“மரத்துல கூடு இருந்தது உனக்குத் தெரியுமா?”

ஆமாம் என்று அவள் தலையசைத்தாள்.

“யாராவது கேட்டா தெரியாதுன்னு சொல்லிடு. பருந்து வந்து அடிச்சதுக்கு நீ இன்னா பண்ணுவ? உள்ள இருக்கிறவருக்கு எதுனா ஆயிடுச்சின்னா போலீசு, கேசுன்னு வருவாங்க கஸ்தூரி. புள்ளைங்க இருக்குது நமக்கு.”

அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே எந்த நேரமும் ஓர் அழுகைச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தாள்.

வெயில் சாய்ந்த பிறகு கவிநிலா வெளியே வந்தாள். கையில் கட்டு, கன்னம் வீங்கியிருந்தது. “மூச்சு சீராயிடுச்சு. ராத்திரி வரைக்கும் பாக்கணும்னு சொல்றாங்க,” என்றாள். பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். கஸ்தூரியைப் பார்க்காமலேயே கேட்டாள்.

“அந்தக் கூடு அங்க இருந்தது உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?”

அருணகிரி மனைவியின் முழங்கையைத் தொட்டான்.

“தெரியும்,” என்றாள் கஸ்தூரி. “தை மாசத்துலேருந்து பாக்கறேன். ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சேன். நேத்து நான் வந்து பாத்தப்பகூட இருந்திச்சி. உங்ககிட்ட சொல்லியிருக்கணும்.”

“தெரிஞ்சும் எங்கப்பாவ அதுக்கு அடியில உக்கார வச்சீங்க.”

“ஆமாம்மா.”

கவிநிலா எழுந்தாள். “நீங்க அந்தக் கரை மேல வண்டிய ஓட்டினதையும் நான் கூட இருந்து பாத்தேன். ரெண்டையும் வச்சிக்கிட்டு நான் என்ன நெனைக்கிறதுன்னு எனக்குத் தெரியல. இப்ப தயவு செஞ்சு இங்கேருந்து போயிடுங்க.”

கஸ்தூரி போனாள். வீட்டுக்கு வந்ததும் அருணகிரி விளக்கெண்ணெயும் மஞ்சளும் குழைத்து அவள் முகத்தில் தடவினான். “நானா இருந்தா பொய்தான் சொல்லியிருப்பேன்,” என்றான்.

ராமன் பிழைத்துக்கொண்டார். சில நாள் கழித்து மகள் அவரைச் சென்னைக்கு அழைத்துப் போனாள். புகார் எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் நடந்ததை உண்ணாமலையிடம் சொல்லிவிட்டாள். அதிலிருந்து விடுதியிலிருந்து ஆள் வருவது நின்றுபோனது. கஸ்தூரி காய்கறி மண்டிக்கு மூட்டை ஏற்றினாள், கல்யாண வீடுகளுக்கு ஆள் ஏற்றினாள். தெருவில் மோட்டார் பைக் உறுமினால்கூடக் கை தானாகவே தலைக்குப் போனது.

ஆடி மாதம் ராமன் போனில் கூப்பிட்டார்.

“கண்ணு சரியாச்சாம்மா?”

“ஆச்சிங்க ஐயா. நீங்க எப்படி இருக்கீங்க?”

“இருக்கேன். கவிநிலாவுக்கு இன்னும் கோவம் ஆறல. எனக்குக் கோவமில்ல, ஆனா பயம் போகல. பார்க்குல மரத்துக்குக் கீழ நடக்க மாட்டேங்கிறேன். நீ உண்மையச் சொல்லிட்டேன்னு எம் பொண்ணு சொன்னா. அதத்தான் திரும்பத் திரும்பச் சொல்றா.”

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கஸ்தூரி சொன்னாள்.

ஆவணியில் உண்ணாமலை மனம் இறங்கி மறுபடி ஒரு குடும்பத்தை அனுப்பினாள். வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் கஸ்தூரி அவர்களிடம் நடந்ததை முழுதாகச் சொன்னாள். அந்தக் குடும்பம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டது. அடுத்து வந்தவர்களிடமும் சொன்னாள். அவர்கள் ஏறிக்கொண்டார்கள்.

அவர்களை வேறோர் ஏரிக்கு அழைத்துப் போனாள். மரமில்லாத வெட்டவெளிக் கரையில் நான்கு கம்பு நட்டுத் தார்ப்பாயைக் கட்டினாள். காற்றில் அது ஓயாமல் படபடத்தது. வெயிலும் பாதி உள்ளே விழுந்தது.

“அங்க எவ்ளோ பெரிய ஆலமரம் இருக்கு, இங்க வேகணுமா?” என்று அந்த வீட்டு அம்மாள் எதிர்க்கரையைக் காட்டி முணுமுணுத்தாள்.

“வேகத்தாங்க வேணும்,” என்றாள் கஸ்தூரி, மோர்த் தூக்கைத் திறந்துகொண்டே.