தாரைக்கு வைத்த கங்கை

கொழும்பு வெள்ளவத்தையில் இரசாயனவியல் ரியூஷன் என்றால் சிவபாதசுந்தரம் மாஸ்டர்தான். அவர் ஐதரசன் பிணைப்பைப் படிப்பிக்கும் நாளில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் சன்னலில் வந்து தொங்குவார்கள். தண்ணீராக இருக்கும்போது மூலக்கூறுகள் காலைநேரக் காலி வீதி பஸ்ஸில் சனம் போல முண்டியடித்து நிற்குமாம். உறைந்ததும், நீட்டிய கையோடு ஒன்றையொன்று பிடித்தபடி விலகி நிற்குமாம். இடம் கூடுதலாகத் தேவை; அதனால்தான் ஐஸ் மிதக்கிறது. பிள்ளைகளை எழுப்பிக் கைகோத்து நிற்கவைத்தே காட்டிவிடுவார் மனுசன்.

மகள் தாரிகாவின் கல்யாணத்தில் தாரை வார்ப்பதற்கென்று அவர் மனைவி நேசமலர் காசியிலிருந்து கங்கை நீர் கொண்டுவந்தார். கங்கையும் இங்கத்தைக் களனி ஆறும் ஒரே தண்ணிதான், இதைச் சுமக்கவா பிளேன் ஏறினாய் என்று மாஸ்டர் சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு, கிருமி பெருகாமல் ஃப்ரீசரில் வைப்பதுதான் புத்தி என்று பொறுப்பையும் தானே எடுத்துக்கொண்டார். ஒரு சொட்டும் வீணாகக் கூடாதென்று கண்ணாடிப் போத்தலை வாய்முட்ட நிரப்பி, மூடியை இறுக்கி, பட்டுத்துணியில் சுற்றி உள்ளே வைத்தார். படித்த மனுசன் செய்கிற வேலையா இது!

கல்யாணத்துக்கு முதல்நாள் துணியை அவிழ்த்தால், போத்தல் வெடித்துக் கிடக்கிறது. கங்கை மட்டும் போத்தல் வடிவத்தில் அப்படியே நிற்கிறது, உடம்பெல்லாம் கண்ணாடிச் சில்லு.

நேசமலர் ஏசவில்லை. ஏசியிருந்தால் மாஸ்டர் தாங்கியிருப்பார்.

"விடுங்கோ, குழாய்த் தண்ணியையே வார்ப்பம். எல்லாம் ஒண்டெண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்," என்றார்.

தன் கொள்கை வென்றதற்கு மாஸ்டர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவரோ ரியூஷன் அலுமாரியைத் திறந்து புனலையும் வடிதாளையும் எடுத்துக்கொண்டு குசினியில் குந்திவிட்டார். ஐஸ் கரையக் கரைய வடித்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வடித்தார். சாப்பிடக் கூப்பிட்டவர்களைக் கையசைத்து அனுப்பினார். நேசமலர் வாசலில் நின்று கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு செம்பை மினுக்கிக்கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

மணவறையில் நேசமலர் அந்தச் செம்பைச் சரிக்க, மாஸ்டர் மகளின் கையைப் பிடித்துக்கொடுத்தார். நீர் விரல்களில் வழிந்தது.

போத்தல் கதையைக் கேள்விப்பட்டிருந்த மைத்துனர் ராகுலன் குனிந்து, "அத்தான், குழாய்த் தண்ணிதானே?" என்று காதோடு கேட்டார்.

"விசர்க் கதை கதையாதை," என்றார் மாஸ்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இது கங்கை."