பஸ் நிற்காத நகர்

எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பள்ளி இறுதி வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் விடுப்பு விண்ணப்பமும் மளிகைச் சீட்டும்தான். நாலு பேர் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தால் சொல்ல வந்ததை விழுங்கிவிடும் சுபாவம் வேறு. எங்கள் நகரின் வரலாற்றை எழுதத் தகுதியானவர்கள் அங்கே நிறைய இருந்தார்கள். அவர்கள் அதைப் பலமுறை எழுதவும் செய்தார்கள், ஒவ்வொரு முறையும் வேறு மாதிரியாக. எல்லாவற்றிலும் ஒரே ஒரு நாள் மட்டும் விட்டுப்போயிருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

நகர் என்று பெயர்தான். தீப்பெட்டி ஆலைக்கு வடக்கே, எண்ணூர் போகும் சாலையை ஒட்டி, மூன்று தெருவும் ஒரு பாதித் தெருவும். நான்காவது தெரு ஏன் பாதி என்றால், மீதிப் பாதியில் கடல் மணல் வந்து உட்கார்ந்துகொண்டது. மேற்கே உப்பளம். அதற்கு அந்தப் பக்கம் ரயில், ஆனால் ரயில் நிலையம் நடக்கிற தூரத்தில் இல்லை. காற்று கிழக்கிலிருந்து அடித்தால் கருவாட்டு வாசனை, தெற்கிலிருந்து அடித்தால் தீக்குச்சி மருந்து வாசனை. மனை விற்றவர்கள் இதைத்தான் 'ஆரோக்கியமான கடற்காற்று' என்று சொல்லியிருந்தார்கள்.

வாங்கியவர்கள் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் வேலை பார்த்தவர்கள். கடை வைத்திருந்த தெற்கத்திக்காரர்களும் சிலர் இருந்தார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு நலச் சங்கம் வைத்தார்கள். தலைவர் முதல் தெரு மளிகைக்கடைக்காரர். திருநெல்வேலிப் பக்கம். எல்லோருக்கும் அண்ணாச்சி. செயலாளர் ராயபுரத்திலிருந்து குடிவந்த கிறிஸ்தவர், ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. வீட்டிலும் காக்கிக் கால்சட்டைதான் போடுவார். கூட்டம் அண்ணாச்சியின் கிடங்கில், மிளகாய் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து நடக்கும். அதனால் எங்கள் சங்கத்தில் கண்ணீர் விட்டுப் பேசாதவர்களே கிடையாது.

சங்கம் பொங்கலும் நடத்தியது, கிறிஸ்துமஸும் நடத்தியது. ஆண்டுக்கொரு முறை தோட்டப் போட்டியும் உண்டு. உப்பு மண்ணில் முருங்கையைத் தவிர எதுவும் பிழைக்காது. ஆகவே பரிசு ஆண்டுதோறும் ஒரே முருங்கை மரத்துக்குப் போனது. மரம் ஒரு வீட்டிலும் காய்க்கிற கிளை அடுத்த வீட்டிலும் இருந்ததால், பரிசை யார் வாங்குவது என்பதில் மட்டும் போட்டி உண்மையாகவே நடந்தது.

குறை என்று பார்த்தால் ஒன்றுதான். பஸ் எங்கள் நகரில் நிற்காது. பாரிமுனையிலிருந்து எண்ணூருக்குப் போகிற வண்டி ஆலை வாசலில் நிற்கும். அப்புறம் எங்களைத் தாண்டிப் போய் எங்கேயோ நிற்கும். ஆண்கள் சைக்கிளில் போனார்கள். அதனால் பல ஆண்டுகள் இது ஒரு குறையாகவே யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு வேலை கிடைத்தபோதுதான் தெரிந்தது.

ஜார்ஜ் டவுனில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. என்னைப் போன்ற கூச்சக்காரிக்கு இதைவிட நல்ல வேலை உலகத்தில் இல்லை. நாள் முழுக்கப் பேசலாம், யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். உத்தரவு வந்த அன்று வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் கண்ணாடி முன் நின்று "நம்பர் பிளீஸ்" என்று சொல்லிப் பார்த்தேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. அவர் வேலையை எதிர்க்கவில்லை, சாலையைத்தான் எதிர்த்தார். ஆலை வாசலுக்குப் போகிற வழியில் ஒரு பழைய கள்ளுக்கடை இருந்தது. மதுவிலக்கு வந்து கடையை மூடிவிட்டார்கள். அதன் வாசலில் நிற்கிற வழக்கத்தை மட்டும் யாரும் மூடவில்லை. "அந்த வழியில பொம்பளப் பிள்ளை நடக்க முடியாது. நம்ம தெருமுனையில பஸ் நிக்கட்டும், மறுநாளே போகலாம்" என்றார். சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துப் போகலாமே என்று அம்மா கேட்டதற்கு, கல்யாணமாக வேண்டிய பெண்ணைக் காரியரில் வைத்து ஊர்வலம் விடச் சொல்கிறாயா என்று முடித்துவிட்டார்.

சேர வேண்டிய தேதிக்கு அதிக நாள் இல்லை. ஆகவே சங்கம் பஸ் இலாகாவுக்கு மனுப் போட்டது. அப்பாதான் எழுதினார். 'இந்நகரின் குடும்பப் பெண்கள் ஆலை வரையிலான சாலையில் நடக்க இயலாத நிலையில் உள்ளனர்' என்பது அவர் வாசகம். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நகரின் பழமையையும் சேர்த்தால் மனுவுக்கு மதிப்பு வரும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

"நான் வந்தப்போ இங்க கருவேல முள்ளுதான்வே. மொத வெளக்கு ஏத்துனது என் கடையில" என்றார் அண்ணாச்சி.

"நீ வெளக்கு ஏத்துனியா? அந்த வெளக்கே நான் குட்த்த ரயில்வே லாந்தர் நைனா" என்றார் கார்டு.

"லாந்தர் குடுத்தீரு, சரி. ஜப்பான்காரன் குண்டு போடப்போறான்னு பட்டணமே ஓடுச்சே, அப்ப நீரு எங்க இருந்தீரு?"

"நான் டூட்டில இருந்தேன். நீ கடையைப் பூட்டிகினு திருநெல்வேலிக்குப் போன வண்டிக்கு நான்தான் கொடி காட்டினேன்."

அன்றைக்கு மிளகாயின் உதவி இல்லாமலே இரண்டு பேருக்கும் கண் சிவந்தது. முடிவில், இருவரும் ஒரே நாளில் வந்து ஒன்றாக விளக்கேற்றினார்கள் என்றும், போர்க்காலத்தில் ஒருவர்கூட நகரைவிட்டுப் போகவில்லை என்றும் வரலாறு எழுதப்பட்டது. கிழக்கே கடற்கரைக் குப்பத்தில் அதற்கும் முன்னாலிருந்தே இருந்தவர்களை யாரும் சேர்க்கவில்லை. அவர்கள் சண்டைக்கு வரவில்லை, அதனால் வரலாற்றுக்கும் வரவில்லை.

ஆச்சரியம்தான், பதில் வந்தது. நேரில் பார்த்து முடிவு செய்ய ஓர் அதிகாரி வருவார் என்றார்கள். அவர் வருகிற நாளுக்கு மறுநாள் நான் வேலையில் சேர வேண்டும். அம்மா புடவைக்குக் கஞ்சி போட்டு வைத்தாள்.

அன்று காலை தெருமுனையில் வாழைமரம் கட்டினார்கள். ஒரு மேளக்காரரும் ஒரு நாயனக்காரரும் வந்தார்கள். கூட்டம் இருந்தால்தான் தேவை தெரியும் என்று அண்ணாச்சி வீட்டுக்கு வீடு ஆள் பிடித்தார். நானும் அம்மாவும் ஓரமாக நின்றோம். அந்த நேரத்தில்தான் குப்பத்துப் பெண்கள் ஆலை வேலைக்குப் போவார்கள். தூக்குச்சட்டியோடு கூட்டமாக வந்தவர்கள் எங்களைப் பார்த்து நின்றார்கள். முன்னால் வந்தவள் நல்ல உயரம், வெற்றிலை போட்டிருந்தாள்.

"இன்னா சாரு, மேளம்லாம் கீது. யார் வூட்டுக் கல்யாணம்? பொண்ணு மாப்ளயக் காணோம்?"

"ஆபீசர் வாராரு தாயி. வழிய விட்டு நடங்க" என்றார் அண்ணாச்சி.

"வழி இவ்ளோ அகலம் கீது. ஆபீசரு அவ்ளோ குண்டா?"

சிரித்துக்கொண்டே ஆலைப் பக்கம் நடந்துபோனார்கள்.

கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து பஸ் வந்தது. கூட்டத்தையும் மேளத்தையும் பார்த்து டிரைவர் வேகத்தைக் குறைத்தார். எங்கள் நகர் தோன்றிய நாளிலிருந்து அங்கே நின்ற முதல் பஸ் அதுதான். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏறணுமா, எறங்கணுமா? சீக்கிரம் சொல்லு நைனா" என்றார்.

அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. கையில் மாலையோடு முன்னால் ஓடினார்.

"ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. வண்டிய எடும்வே! பெரிய ஆபீசர் ஜீப்புல வார நேரம். இந்த ஓட்டை வண்டி குறுக்க நின்னா அவரு என்ன நெனைப்பாரு?"

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒல்லியான மனிதர் தலையை வெளியே நீட்டினார். மடியில் குடை இருந்தது. "இங்கே யாருமே ஏறவில்லையா?" என்று கேட்டார்.

"யாரும் ஏறல. அய்யா, தலைய உள்ள இழுத்துக்கிடும், தூசி" என்றார் அண்ணாச்சி. கார்டு பழக்கதோஷத்தில் பச்சைக் கொடி அசைப்பதுபோலத் துண்டை அசைத்தார். அப்பாவும் இரண்டு கையாலும் போ, போ என்று காட்டினார். பஸ் போய்விட்டது. மேளக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் வாசித்தார்.

பிறகு ஜீப்புக்காகக் காத்திருந்தோம். உப்பு லாரி ஒன்று தூரத்தில் வந்தபோது நாயனக்காரர் ஆரம்பித்துவிட்டார். அவரை நிறுத்துவது பெரும்பாடாகிவிட்டது. வெயில் ஏறியது. பிள்ளைகள் வாழைமரத்தின் இலையைக் கிழித்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள். அந்தக் கஞ்சி போட்ட புடவையை ஒத்திகைக்காக நான் அன்றே கட்டியிருந்தேன். அது முழுக்கக் கசங்கிவிட்டது.

எண்ணூரிலிருந்து திரும்பி வந்த அதே பஸ்தான் சேதி சொன்னது. கண்டக்டர் வண்டியை நிறுத்தவில்லை, டிரைவரை மெதுவாகப் போகச் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துக் கத்தினார்.

"இன்னாய்யா இன்னும் நிக்கிறீங்க? ஆபீசரைத்தான் காலைல தொரத்தி வுட்டீங்களே! ஜன்னலாண்ட குந்திகினு இருந்தாரே, அவருதான்!"

"இப்ப எங்க இருக்காரு?" என்று அப்பா பஸ்ஸோடு ஓடினார்.

"எண்ணூர்ல எறங்கி ரயிலேறிப் பூட்டாரு. ஸ்டாப் வாணாம்னு எழுதிகினாரு. கூட்டம் நிக்கிது, ஒர்த்தரும் ஏறல, நிறுத்துனா கோச்சிக்கிறாங்கோன்னு."

அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது.

சாயங்காலம் தெருமுனையிலேயே கூட்டம் போட்டார்கள். ஓர் அதிகாரி பஸ்ஸில் வருவார் என்று யார்தான் எதிர்பார்ப்பார்கள் என்று அண்ணாச்சி கேட்டார். பஸ் இலாகா அதிகாரி பஸ்ஸில் வராமல் படகிலா வருவார் என்று கார்டு கேட்டார். காலையில் துண்டு அசைத்தது யார் என்று அண்ணாச்சி திருப்பிக் கேட்டார். கடைசியில் புது மனு போடுவதென்று முடிவாயிற்று. அப்பா என்னிடம் திரும்பி, "நாளைக்கு வர முடியலைன்னு எழுதிக் குடு. நானே போற வழியில சேத்துடறேன்" என்றார்.

நான் தலையாட்டினேன். அழவில்லை. அழுதால் எல்லோரும் பார்ப்பார்கள்.

அப்போது ஆலை விட்டு அந்தப் பெண்கள் திரும்பி வந்தார்கள். ஆபீசருக்காகப் போட்ட நாற்காலிமேல் கிடந்த மாலையைப் பார்த்துவிட்டு உயரமானவள் கேட்டாள்: "ஆபீசரு வர்லயா? அப்ப மாலய எங்களுக்குக் குடேன், தலைல வச்சிக்கிறோம்." பிறகு என்னைப் பார்த்தாள். "இந்தப் பொண்ணுக்கு இன்னா ஆச்சு? மூஞ்சி ஏன் இப்டி கீது?"

அம்மா ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மனுவில் இருந்த வாசகத்தையும் சேர்த்து. எனக்குத் தெரிந்து அம்மா கூட்டத்தில் பேசியது அந்த ஒருமுறைதான்.

உயரமானவள் அப்பாவிடம் திரும்பினாள். "இன்னா சாரு, அந்த ரோட்ல பொம்பள நடக்க முடியாதுன்னு எழுதிக் குட்த்தியா?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப தெனம் நடக்கிறமே, நாங்க இன்னா? ஆடா, மாடா?"

"உங்களைச் சொல்லல தாயி" என்றார் அண்ணாச்சி.

"அத்தத்தான் கேக்கறேன். எங்கள ஏன் சொல்லல?" பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "கள்ளுக்கட ஆளுங்களா? அவனுங்க எங்களப் பாத்தா எந்திரிச்சி நின்னு வழி வுடுவானுங்க. போன மாசம் ஒருத்தன் விசிலடிச்சான். தூக்குச்சட்டியால ஒண்ணு வச்சேன். இப்ப அவன் விசிலடிச்சா காத்துதான் வருது, பல்லு இல்ல. பொண்ண அனுப்பு. ஆலை வாசல்ல பஸ் ஏத்தி வுட்டுட்டுதான் உள்ள போவோம்."

இவ்வளவு சரியான யோசனையை ஒப்புக்கொள்ள எங்கள் சங்கத்தின் விதிகளில் வழி இல்லை. கடைசியில் கார்டுதான் வழி கண்டுபிடித்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "நைனா, யோசிச்சுப் பாரு. புது மனுல இன்னா எழுதுவோம்? நம்ம நகர்ப் பெண் ஒருத்தி பஸ் இல்லாததால தினமும் நடந்து கஷ்டப்படறான்னு எழுதினா, அது பாயிண்ட். நடக்காத பொண்ணு எப்டி கஷ்டப்படும்?"

அண்ணாச்சி முகம் மலர்ந்தது. "ஆமாவே! ஆதாரம் வேணும்லா!"

அப்பா நெடுநேரம் யோசித்தார். மகளை வேலைக்கு அனுப்புவது வேறு, மனுவுக்கு ஆதாரமாக அனுப்புவது வேறு. இரண்டாவதில் அவருக்குக் கௌரவக் குறைவு எதுவும் தெரியவில்லை. "மனு முடியற வரைக்கும்" என்றார். பிறகு என்னிடம், "போறியா?" என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "போறேன்" என்றேன். சத்தமாகவே சொன்னேன் என்று அம்மா பிற்பாடு சொன்னாள்.

மறுநாள் காலை குப்பத்துப் பெண்களோடு ஆலை வாசல் வரை நடந்து போய் பஸ் ஏறினேன். பாரிமுனை வரை நின்றுகொண்டே போனேன். வேலையில் சேர்ந்தேன்.