மாதாவைச் சுமந்த அலுமினியப் படகு

ஆஸ்திரேலியாவில் ஃப்ரீமாண்டிலுக்குத் தெற்கே இருக்கிற எங்கள் சின்னத் துறையில், வருஷம் ஒருமுறை மாதா சுரூபத்தைப் படகில் ஏற்றித் துறைமுகத்தைச் சுற்றி வருவோம். சுமக்கிற படகு லகானா குடும்பத்துடையது. சிசிலியிலிருந்து அவர்கள் வந்து இறங்கிய காலம் முதல் அப்படித்தான். நுன்சியோ லகானாவுக்கு வீடு, வாசல், சிங்க இறால் கூண்டுகள் எல்லாம் அந்த உரிமைக்கு அடுத்தபடிதான்.

அவனுடைய மரப்படகைப் புழு தின்றுவிட்டது. அலுமினியப் படகு ஒன்று வாங்கினான். பின்னால் தொங்கும் மோட்டார், முடுக்கினால் பறக்கும். ஊர்வலமோ கிழவிகள் நடக்கிற வேகத்தில் போவது. போன வருஷம் அந்த நடையில் படகு இடமும் வலமுமாகக் குடிகாரன் போல அலைந்து, பேண்டுக்காரர்களின் படகில் போய் முட்டியது. ட்ரம்பெட் ஒன்று தண்ணீருக்குள் போனது. மாதாவுக்கு ஒரு கீறலும் இல்லை. நுன்சியோ மட்டும் ஒரு வாரம் கடைத்தெருப் பக்கம் வரவில்லை.

இந்த வருஷம் திருநாள் கமிட்டி கறாராகச் சொல்லிவிட்டது. சனிக்கிழமை வெள்ளோட்டம். அலைதாங்கிச் சுவரிலிருந்து படித்துறை வரை நேராக வந்தால் மாதா அவனுக்கு. இல்லையென்றால் மச்சான் ரொக்கோவுக்கு. ரொக்கோ நுன்சியோவின் மனைவி தெரேசினாவுக்குத் தம்பி. அவனிடம் இன்னும் மரப்படகு இருந்தது.

"மச்சான், என் படகுல மாதாவுக்கு இப்பவே இடம் துடைச்சு வெச்சுட்டேன்" என்றான் ரொக்கோ, எதிர்ப்படுகிற போதெல்லாம்.

"துடைச்ச இடத்துல நீயே ஏறி நில்லுடா. உன் மூஞ்சிக்கும் யாராவது மெழுகுவத்தி ஏத்துவாங்க."

வாய் அப்படிப் பேசியதே தவிர, ராத்திரி அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்டீயரிங் கம்பியை மாற்றினான். காற்றைத் திட்டினான். விற்றவனின் பரம்பரையையே திட்டினான்.

நுன்சியோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நல்லவன், ஆனால் கையைச் சும்மா வைத்திருக்க மாட்டான். பூசை நடக்கும்போது முன்வரிசைக்காரனின் சட்டைக் காலரைச் சரிசெய்வான். தெரேசினா அடுப்பில் வைத்த தக்காளிக் குழம்பை அவள் திரும்புவதற்குள் நாலு தடவை கிண்டுவான். அடுத்தவன் கூண்டில் முடிச்சுத் தளர்ந்திருந்தால், கேட்காமலே கட்டிவிட்டுப் போவான். இப்படிப்பட்டவனோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவள் தெரேசினா.

வெள்ளிக்கிழமை காலையில் அவளையும் கூட்டிக்கொண்டு பழகிப் பார்க்கப் போனான். சுரூபத்தின் எடைக்குச் சின்னச் சிமெண்ட் மூட்டைகள் இரண்டை முன்பக்கம் அடுக்கியிருந்தான். மாதா எப்போதும் முன்பக்கம்தான், கடலைப் பார்த்து நிற்பாள். படகு வழக்கம்போல் அலைந்தது. அவனும் சக்கரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றிச் சுற்றி வியர்த்துப்போனான்.

"இந்தா, இதை உரிச்சுக் குடு" என்று ஒரு ஆரஞ்சை நீட்டினாள் தெரேசினா.

இரண்டு கையாலும் உரிக்க ஆரம்பித்தான். பாதி உரித்திருப்பான். அவள் பின்னால் திரும்பி, தண்ணீரில் படகு விட்டுவந்த தடத்தைப் பார்த்தாள்.

"யோவ், சக்கரத்தைத் தொடாதே! இன்னொரு பழம் உரி."

"பைத்தியமா உனக்கு?"

"நீ உரிக்க ஆரம்பிச்சதும் இது கொஞ்சம் ஒழுங்கா போகுது. அது நினைச்சுப் பார்த்துத் திரும்பறதுக்குள்ள நீ மறுபக்கம் இழுத்துடற. குழம்பைக் கிண்டற மாதிரியே கிண்டற."

அவன் மோட்டாரை அணைத்துவிட்டு யோசித்தான். மரப்படகுக்கு அடியில் நீளக்கட்டை ஓடும், பின்னால் சுக்கான் இருக்கும். தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போகும். இதன் வயிறு தட்டை, சுக்கானும் கிடையாது. மோட்டார் தள்ளுகிற பக்கம் பின்புறம் நகர்ந்தால்தான் மூக்கு திரும்பும், அதுவும் தாமதமாக. அந்தத் தாமதம் பொறுக்காமல் அவன் இன்னும் திருப்பினான். பிறகு அது அதிகமாகத் திரும்ப, பதறி மறுபக்கம் இழுத்தான்.

மோட்டாரைத் தண்ணீருக்குள் முழுக்கத் தாழ்த்தி மறுபடி கிளப்பினான். சக்கரத்தைக் கொஞ்சமாகத் திருப்பி, மூக்கு அசைகிற வரை பொறுத்து, அது போய்ச் சேருமுன் நடுவுக்குக் கொண்டுவந்தான். பாதி சரியானது. முன்பாரத்தில் மூக்கு அழுந்தி, வால் லேசாகி இன்னும் ஆடியது. தெரேசினா மூட்டைகளைப் பின்னால் இழுத்துப்போட்டாள். படகு கோடு கிழித்தாற்போல் போனது.

அப்போதுதான் நுன்சியோவின் முகம் வாடியது. "மாதாவைப் பின்னாலயா வைக்கிறது? எங்கப்பா கல்லறையிலேர்ந்து எந்திரிச்சு வந்து அடிப்பார்."

"வந்தா நான் பேசிக்கறேன். மூட்டையைக் கட்டு."

சனிக்கிழமை, மூட்டைகளைப் பின்னால் கட்டியபடி, சுவரிலிருந்து படித்துறை வரை நேராக வந்து நின்றான். கமிட்டிக்காரர்கள் தலையாட்டினார்கள். ரொக்கோ விடவில்லை.

"நேரா வந்துட்ட, சரி. மாதாவைக் கடைசியில உக்கார வைப்பியா? மானக்கேடு!"

கூட்டம் முணுமுணுத்தது. நுன்சியோ தலை குனிந்தான். முன்பக்கமே வைத்து இன்னொரு தடவை ஓட்டட்டுமா என்று கேட்க வாயெடுத்தான். தெரேசினா முந்திக்கொண்டாள்.

"டேய் ரொக்கோ, நம்ம வீட்டுல எல்லாரும் தின்னு முடிச்ச பிறகு கடைசியா உக்காந்தது யாரு? அம்மாதானே. அது மானக்கேடுன்னு ஒரு நாள் எந்திரிச்சு இடம் குடுத்தியா?"

படித்துறையில் நின்ற எங்கள் கோயில் ஃபாதர் முதலில் சிரித்தார். அதற்கப்புறம் யார்தான் சிரிக்காமல் இருப்பது?

திருநாளன்று ரொக்கோதான் சுரூபத்தைத் தோளில் தூக்கிவந்து நுன்சியோவின் படகில் பின்பக்கம் நிறுத்தினான். தன் படகுக் கயிற்றைக் கொண்டுவந்து தானே கட்டினான். முடிச்சை இழுத்துப் பார்த்தான்.

"நல்லா இறுக்கிட்டேன். நீ எங்க போய் முட்டினாலும் அம்மா அசைய மாட்டா. கிளம்பு மச்சான்."