இடுக்கில் போன இளவரசன்

எங்கள் சான்சோங் பக்கம் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் யாரும் காருக்குப் பின்னால் காத்து நிற்பதில்லை. பேருந்துக்கும் பக்கத்தில் நிற்கும் லாரிக்கும் நடுவில் எப்படியும் ஓர் இடுக்கு இருக்கும். அதில் நுழைந்து போய்விடுவோம். போலீஸ்காரன் பார்த்தால் அபராதச் சீட்டு கிழிப்பான், அது அவன் பிழைப்பு. எனக்கு அந்த இடுக்கு பிடிக்கும். காலையில் சந்தைக்குப் பன்றிக்கறி வாங்கப் போகும்போது இரண்டு பக்கமும் தகரச் சுவர் எழும்பி, தெருச் சத்தம் சட்டென்று அடங்கிவிடும். வெயில் போய்விடும். எஞ்சின் சூடு முழங்காலில் படும். ஜன்னலுக்குள் ஒருத்தி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருப்பாள். எங்கே கிளம்பினேன் என்பதே ஒரு நிமிடம் மறந்துபோகும். நாள் முழுக்கக் கறிக்குழம்புச் சோறு போட்டுக் கத்திக்கொண்டிருக்கிற எனக்கு வேறு எங்கே அப்படி ஓர் அமைதி கிடைக்கும்?

எங்கள் சந்தில் அந்த இடுக்குக்குள் ஒருநாளும் போகாத ஒரே மனிதர் ஆ-தெக். என் கடைக்கு எதிரே உள்ள கேஸ் கடையில் சிலிண்டர் போடுகிறவர். அவருடைய வண்டியின் இரண்டு பக்கமும் இரும்புக் கொக்கிகள். பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர் தொங்கும். போகும்போது நிறைந்தவை, வரும்போது காலி. காலியானாலும் அகலம் குறையாதே! சாயங்காலம் வண்டியைக் கடையில் பூட்டிவிட்டு, பின்சந்தில் இருக்கிற வீட்டுக்கு நடந்து போவார். ஆக, வாலிபத்திலிருந்து அந்த மனிதர் சிலிண்டர் இல்லாத வண்டியை ஓட்டியதே கிடையாது. ஆள் என்னவோ குச்சி. ஆனால் என் கடையில் இரண்டு மேசைக்கு நடுவே வரும்போதுகூட, இடிக்குமோ என்று பார்த்துப் பக்கவாட்டில்தான் நகர்ந்து வருவார்.

"அகலண்ணே, உள்ள வாங்க, லாரியே நுழையும்" என்று நான் கிண்டல் பண்ணுவேன்.

"உனக்கென்ன, சோத்துச் சட்டி இடிச்சா குழம்புதான் கொட்டும். என்னது இடிச்சா சந்தே மேல போயிரும்" என்பார்.

அவர் மனைவி கிம்-ஹா கேஸ் கடையில் தொலைபேசி எடுப்பவள். கல்யாணத்துக்கு முன்னால் கோயில்களுக்கு முன்னே ஆடும் கூத்துக் குழுவில் இளவரசன் வேஷம் கட்டியவள். எங்கள் கூத்தில் இளவரசன் என்றால் பெண்தான். கல்யாணத்தோடு அதை விட்டுவிட்டாள். யாரும் அவளை விடச் சொல்லவில்லை என்பாள். ஆனால் எனக்குத் தெரியும், பாத்திரம் கழுவும்போது அவள் பாடுவாள். ஆ-தெக்கின் செருப்புச் சத்தம் கேட்டதும் நிறுத்திவிடுவாள். புதிதாகக் கல்யாணமான காலத்தில், "நாள் பூரா எஞ்சின் சத்தம், வீட்லயாவது சும்மா இருக்கட்டுமே" என்று அவர் ஒரு தடவை சொன்னாராம். ஒரே தடவைதான். சொன்னவருக்கு அது மறந்தே போய்விட்டது.

சென்ற வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை. சின்சுவாங்கில் ஒரு கோயிலில் தெய்வத்தின் பிறந்தநாள். கிம்-ஹாவின் பழைய குழுதான் கூத்து. அன்று காலை இளவரசன் வேஷக்காரி மேடைப் பலகையில் சறுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். குழுத் தலைவி கிம்-ஹாவைக் கூப்பிட்டாள். மூன்று மணிக்குத் தெய்வத்துக்கான முதல் ஆட்டம். மனிதர்களைக் காக்க வைக்கலாம், தெய்வத்தைக் காக்க வைக்க முடியாது. வேஷத்தை வீட்டிலேயே போட்டுக்கொண்டு வரச் சொன்னாளாம்.

கிம்-ஹா சந்து முனைக்கு வந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. வெள்ளை பூசிய முகம், கன்னத்தில் ரோஜாச் சிவப்பு, நெற்றிப்பொட்டை நோக்கி ஏறின புருவம். ஐம்பது வயசுக்காரியை யாரோ உள்ளே ஒளித்து வைத்துவிட்டு வாலிபன் ஒருவனை வெளியே அனுப்பின மாதிரி இருந்தது. ஒரு டாக்சி அவளுக்காக நின்றது. நின்றது என்றால், அசைய வழியில்லாமல் நின்றது. ஊர்வலத்துக்காகப் பாதி சாலையை அடைத்திருந்தார்கள்.

"இளவரசரே, நான் நாலு மணிக்குக் கொண்டுபோய் விடுறேன்" என்றான் டாக்சிக்காரன்.

கிம்-ஹா என் பக்கம் திரும்பினாள். "இன்னிக்கு விட்டா இனி யாரும் கூப்பிட மாட்டாங்கடி" என்று என்னிடம் சொன்னாள். அவள் அழுதால் பூச்சு கரைந்துவிடுமே என்று எனக்குப் பதற்றம். நானே என் ஸ்கூட்டரில் ஏற்றியிருப்பேன். ஆனால் அதற்குள் ஆ-தெக் கடை வாசலில் சிலிண்டர்களைக் கழற்றி இறக்கிக்கொண்டிருந்தார். கொக்கிகளையும் கழற்றிவிட்டார். வண்டியை உதைத்துக் கிளப்பி அவள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஏறு" என்றார்.

அத்தனை வருஷத்தில் அவள் அந்த வண்டியில் ஏறியதில்லை. ஏற இடம் இருந்ததில்லை. கிரீடத்தைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, தர்பூசணித் தோல் மாதிரியான அரை ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறினாள். நான் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு, "என் பின்னாலயே வாங்க" என்று ஸ்கூட்டரை எடுத்தேன்.

பெரிய சாலை முழுக்க வண்டிகள் உறைந்து நின்றன. பேருந்து, லாரி, பேருந்து. நடுவில் நீளமான இடுக்கு, யாரோ சீப்பால் வகிடு எடுத்தது போல. நான் நுழைந்தேன். கடைசி வரை போய் சிக்னல் கோட்டில் நின்று கண்ணாடியில் பார்த்தால் பின்னால் யாரும் இல்லை. தூரத்தில், இடுக்கின் வாயில், ஆ-தெக் இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். முழங்கை இரண்டும் விரிந்திருந்தன. பின்னால் இருந்த ஸ்கூட்டர்கள் ஹாரன் அடித்தன.

"யோவ் பெரிசு, போறியா, இல்ல வழி விடுறியா?"

"இடிக்கும்யா" என்றுதான் அவர் சொல்லியிருப்பார். அந்த முழங்கைகளைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்தது.

மணி இரண்டரை தாண்டிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. அந்த இடுக்கில் இரண்டு ஆ-தெக் போகலாம். ஆனால் அவர் உடம்புக்கு அது தெரியவில்லை. அதன் கணக்கில் இன்னும் நாலு சிலிண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. பாவம், என்ன செய்வார்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. மைக் இல்லாமல் கோயில் மைதானத்தைத் தாண்டிப் போகப் பழகிய குரல். ஹாரன்களுக்கு மேலாக, பேருந்தின் நீளம் முழுக்கக் கடந்து என் காதுக்கு வந்தது.

"ஏ கிழட்டுக் குரங்கே! பின்னாடி இருக்கிறது சிலிண்டர் இல்ல, உன் பொண்டாட்டி! நான் வெடிக்க மாட்டேன், போ!"

பேருந்து ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. யாரோ கை தட்டினார்கள். கிம்-ஹா பின்னாலிருந்து இரண்டு கைகளையும் நீட்டி, அவர் முழங்கைகளைப் பிடித்து உள்ளே இழுத்து அவருடைய விலாவோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். தெருவில் அவள் அவரைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

வண்டி நகர்ந்தது.

என் கண்ணாடியில் அவர்கள் சின்னதாகத் தெரிந்து மெல்லமெல்லப் பெரிதானார்கள். ஆ-தெக் கண்ணை மூடியிருந்தாரோ என்றுகூடச் சந்தேகம் எனக்கு. அவர் தோளுக்கு மேலே அந்த வெள்ளை முகம் மிதந்து வந்தது. லாரியின் நிழல் ஒரு பக்கமும், பேருந்துக் கண்ணாடியில் பட்ட வானம் மறு பக்கமும் அவர்களை ஒட்டிப் போயின. ஹாரன் அடித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஒரு குழந்தை ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கடந்து போகும் இளவரசனின் பட்டுச் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தது. தண்ணீருக்குள் நடப்பதைப் பார்க்கிறது போல எல்லாம் நிதானமாக நடந்தது. சாலை அப்படியே நீண்டு, சின்சுவாங் என்று ஓர் ஊரே இல்லாமல் போய்விட்டாலும் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

என் பக்கத்தில் வந்து நின்றார்கள். ஆ-தெக்கின் முகம் வேர்த்து வழிந்தது.

"இடிக்கலையே?" என்று கேட்டார்.

"இடிக்கல. மூடிட்டு ஓட்டு" என்றாள் இளவரசன்.

மூன்று மணிக்குள் போய்ச் சேர்ந்தோம். கிம்-ஹா கிரீடப் பையோடு மேடைக்குப் பின்னால் ஓடினாள். முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் முக்கால்வாசி காலி. தெய்வத்துக்கான ஆட்டத்தை யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? ஒரு கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார். எதிரே கோயிலுக்குள் தெய்வம் விழித்துக்கொண்டிருந்தது. நானும் ஆ-தெக்கும் நடுவில் உட்கார்ந்தோம். அவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

தாளம் எழும்பியது. திரை விலகி இளவரசன் வந்தான். அவளுக்கு முதல் அடியில் மூச்சு கொஞ்சம் தடுமாறியது. இரண்டாம் அடியில் சரியாகிவிட்டது. பிறகு அவள் பாடினாள் பாருங்கள், எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பாத்திரச் சத்தத்துக்கு நடுவில் நான் திருட்டுத்தனமாகக் கேட்ட பாட்டு இது இல்லை. அது இதன் ஓரம் மட்டும்தான்.

ஆ-தெக் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, இது யாரு?"

"என்ன கேள்வி இது? உங்க பொண்டாட்டி."

"அது தெரியும்" என்றார். "என் முன்னாடி இவ பாடினதே இல்லையே. ஏன்?"

எனக்குப் பதில் தெரியும். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மனிதர் அங்கேயே நொறுங்கிப்போயிருப்பார். ஆனால் கொஞ்ச நேரத்தில், என் உதவி இல்லாமலே அவருக்கு அது ஞாபகம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஹெல்மெட்டின் முன்கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின.

ஆட்டம் முடிந்து அவர்கள் எனக்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். எனக்குத் தலைவியோடு கொஞ்சம் பேச்சு இருந்தது. கிம்-ஹாவை அடுத்த மாதமும் கூப்பிடுவாளா என்று கேட்டு, வாயிலிருந்து பதிலைப் பிடுங்கிக்கொண்டுதான் நகர்ந்தேன். கூப்பிடுவாளாம். அதைச் சொல்ல வேண்டும் என்று இடுக்குகளில் புகுந்து பறந்தேன். வேலை விட்டுப் போகிற நேரம். வானம் செம்மண் நிறமாக இருந்தது, சாலை முழுக்கச் சிவப்பு விளக்குகள்.

பாதி வழியில் அவர்களைப் பிடித்துவிட்டேன். ஒரு பேருந்துக்குப் பின்னால், புகைக்குள், அசையாமல் நின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே இடுக்கு அகலமாகத் திறந்து கிடந்தது. எல்லா ஸ்கூட்டரும் அதில் போய்க்கொண்டிருந்தன. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"அகலண்ணே! மறுபடியுமா? வழி இருக்கே, கண்ணு தெரியலையா? போங்க!"

கிம்-ஹா கண்ணை மூடி, கன்னத்தை அவர் முதுகில் வைத்திருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. பூச்செல்லாம் அவர் சட்டையில் ஒட்டியிருந்தது.

ஆ-தெக் வாயில் விரலை வைத்து என்னை அடக்கினார்.

"நீ போம்மா" என்றார் மெதுவாக. "பாட்டு இன்னும் முடியல."