அட்மிஷன் சீசனில் மட்டும் திறக்கும் அறை

அக்கா மகனுக்கு மூன்று வயது முடியப்போகிறது. பொம்மை வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. "நீதான் ஸ்கூல்ல வேல பாத்தவனாச்சே, நல்லதா பாத்து எடுத்துக்கினு வா" என்று அக்கா சொல்லிவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு பொம்மைக் கடைக்குப் போனேன். குழந்தைக்கு என்ன பிடிக்கும் என்றுதான் முதலில் கேட்பார்கள் என்று நினைத்தேன். கடைக்காரர் கேட்டது வேறு.

"இன்னா டெவலப்மென்ட் சார் வேணும்? பிரெயினா, மோட்டார் ஸ்கில்லா?"

டிராக்டருக்கு ஸ்பேர் பார்ட் வாங்க வந்தவன் மாதிரி நின்றேன். "வெளையாடறதுக்கு வேணுங்க" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு ஒரு பெரிய டப்பாவை எடுத்து வைத்தார். கவனம் கூடும், ஞாபகசக்தி வளரும், கணக்கு வரும் என்று நாலு பக்கமும் எழுதியிருந்தது. பத்தாம் வகுப்பு டியூஷன் சென்டர் நோட்டீஸ்கூட இவ்வளவு துணிச்சலாகப் பேசாது.

"பிரிச்சு பாக்கலாமாங்க?"

"பிரிச்சா நீங்கதான் சார் வாங்கணும்."

அந்த வாக்கியத்தில்தான் எனக்குக் கடுப்பு ஏற ஆரம்பித்தது. திரும்பினால், மூலையில் இங்கிலீஷ் எழுத்துகளைக் கோத்துக் கோத்து விரிக்கிற ரப்பர் பாய்கள் அடுக்கியிருந்தன. புதுச் செருப்பு டப்பாவைத் திறந்தால் வருமே, அதே வாசனை. அது மூக்கில் ஏறியதும் நான் விழுப்புரத்தில் இல்லை. திண்டிவனத்தில், ஒரு பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

பி.சி.ஏ. முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை அது. ஒரு ப்ளே ஸ்கூல். பெயர் எதற்கு, விடு. கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லித்தான் எடுத்தார்கள். போய்ப் பார்த்தால் மொத்தப் பள்ளிக்கும் ஒரே கம்ப்யூட்டர், அதுவும் கரஸ்பாண்டென்ட் அறையில். அவரை நாங்கள் எல்லோரும் கரஸ் என்றுதான் சொல்வோம், அவர் இல்லாதபோது. போட்டோ எடுப்பது, அதை இன்ஸ்டாகிராமில் போடுவது, வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது, எந்த மிஸ் லீவு போட்டாலும் அந்த வகுப்பில் போய் உட்காருவது என்று எல்லாமே என் வேலை. தினமும் விழுப்புரத்திலிருந்து பாசஞ்சரில் தொங்கிக்கொண்டு போவேன். டிகிரிக்கு ஏற்ற கம்பீரம் எல்லாம் மயிலம் வருவதற்குள் கசங்கிவிடும்.

இன்னொரு கொடுமை. அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இருக்கிற பெரியவர்கள் எல்லோருமே மிஸ்தான். நானும் மிஸ். முதல் வாரம் ஒருவனைப் பிடித்துத் திருத்தினேன். "மிஸ் இல்லடா, சார்னு சொல்லு." அவன் நன்றாக யோசித்துவிட்டு, "சரி மிஸ்" என்றான். அதோடு விட்டுவிட்டேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செலின் அக்கா மட்டும் விடவில்லை. என்னைவிடப் பத்து வயது பெரியவர், வாய் நூறு வயது பெரியது. தினமும் காலையில், "இன்னா ஆம்பள மிஸ்ஸு, டிபன் ஆச்சா?" என்பார்.

மார்ச்சில் கரஸ் கூப்பிட்டார். "அட்மிஷனுக்கு முன்னாடி ஆக்டிவிட்டி ரூம் ஒண்ணு ரெடி பண்ணிடுப்பா. பொம்மைங்கள நீயே செலக்ட் பண்ணு. போட்டோல பளிச்சினு தெரியணும், அவ்ளோதான்."

நான் அந்த 'அவ்ளோதான்' என்பதைக் காதில் வாங்கவே இல்லை. சின்ன வயதில் என் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து ஒரு ரிமோட் கார் கொண்டுவந்தார். அம்மா அதை டப்பாவோடு ஷோகேஸில் வைத்துப் பூட்டினார். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், விருந்தாளி மாதிரி. ஒரு வழியாகக் கைக்கு வந்தபோது எனக்கு மீசை வந்திருந்தது. பேட்டரி கசிந்து கார் செத்திருந்தது. அந்த வயிற்றெரிச்சலை எல்லாம் சேர்த்துவைத்து, இந்த அறைக்குப் பொம்மை தேர்ந்தெடுத்தேன்.

இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன் என்றால் நம்பு. பட்டனைத் தட்டினால் தானே பாடி தானே ஆடுகிற பொம்மைகளை ஒதுக்கினேன். அதுவே எல்லாம் செய்துவிட்டால் குழந்தை எதற்கு? தரைக்கு அதே ரப்பர் பாய் எடுத்தேன். கட்டைகள் எடுத்தேன். திறந்து மூடுகிற டப்பாக்கள், தண்ணீர் ஊற்றி விளையாடுகிற தொட்டி எடுத்தேன். ஒரு தராசும் எடுத்தேன். இரண்டு பக்கமும் பச்சைத் தட்டு, கூடவே கட்டைவிரல் அளவில் நாற்பது பிளாஸ்டிக் கரடி. பிரித்து அடுக்கும்போது செலின் அக்கா ஒரு கரடியைத் தூக்கிப் பார்த்தார்.

"கரடிய இன்னாத்துக்குப்பா எடை போடணும்? கறிக்கா?"

ஏப்ரலில் கதவு திறந்தது. அட்மிஷன் கேட்டு வருகிறவர்களை முதலில் அந்த அறைக்குத்தான் கூட்டிப்போக வேண்டும் என்று கரஸ் உத்தரவு. அப்படி வந்தவள்தான் மகிழினி. மூன்றரை வயது. ஓமந்தூர் பக்கம் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். அம்மா சுமதி அக்கா ஃபாரத்தை வாங்கிப் படித்துக்கொண்டிருக்க, இவள் யாரையும் கேட்காமல் நேராகத் தராசிடம் போனாள். காலில் இருந்த செருப்பில் ஒன்றைக் கழற்றி ஒரு தட்டில் வைத்தாள். மறு தட்டில் கரடிகளை வைக்க ஆரம்பித்தாள். ஐந்தாறு வைத்தும் தட்டு அசையவில்லை. என்னைப் பார்த்து அதட்டினாள்.

"கம்மியா கீது. இன்னும் போடு."

போட்டேன். வேறு என்ன செய்ய முடியும்?

சுமதி அக்கா சிரித்தார். "அவங்கப்பா கமிட்டிக்கு மூட்ட எடுத்துக்கினு போவ சொல்ல இவளும் வண்டில ஏறிக்குவா தம்பி. அங்க எடை போடறதயே பாத்துக்கினு நிப்பா. சோறு தண்ணி வேணாம்."

மார்க்கெட் கமிட்டியில் பெரிய தராசைப் பார்த்தவளுக்கு இது கைக்கு அடக்கமாகக் கிடைத்துவிட்டது. அடுத்து என் போனை வாங்கி எடை போட்டாள். பிறகு கரஸின் மூக்குக்கண்ணாடிக் கூட்டை. அவரும் அட்மிஷன் சிரிப்போடு கொடுத்தார். நான் போட்டோ எடுத்தேன். தட்டுகள் சமமாகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

போகும்போது சுமதி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, உண்மைய சொல்லு. இதெல்லாம் பசங்க கையில குடுப்பீங்களா, இல்ல வர்றவங்களுக்கு காட்டறதுக்கா?"

"உங்க பொண்ணுக்குத்தான்க்கா. டெய்லி."

சத்தியமாக நம்பித்தான் சொன்னேன். ஒரு வாரத்தில் அந்தப் போட்டோ கேட்டுக்குப் பக்கத்தில் ஆளுயர ஃபிளெக்ஸாக நின்றது.

ஜூனில் பள்ளி திறந்தபோது அந்த அறைக் கதவில் பூட்டுத் தொங்கியது. டைம்டேபிளில் இரண்டு மணிக்கு ஆக்டிவிட்டி என்று கலர் பிரிண்ட்டில் இருக்கிறது. சாவி கரஸின் டிராயரில் இருக்கிறது. போய்க் கேட்டேன்.

"ஒரு கரடி காணாப்போனாலும் செட்டு வேஸ்ட்டுப்பா. அடுத்த வருஷம் வர்றவங்களுக்கு இன்னாத்த காட்டுவ?"

"அப்ப பசங்களுக்கு சார்?"

"எழுதட்டும். பேரன்ட்ஸ் எவனாவது தராசு கேட்டு வந்தானா? நோட்டுல எத்தினி பக்கம் ரொம்பி இருக்குதுனுதான் பாக்கறான். காலியா இருந்தா என் சட்டையத்தான் புடிக்கறான்."

அதில் பொய் இல்லை என்பதுதான் இன்னும் எரிச்சல். பென்சிலைச் சரியாகப் பிடிக்கவே விரல் வளையாத வயதில் ஒன்று முதல் ஐம்பது வரை எழுத வைத்தோம். பேசினால் வாயில் விரல். அசைந்தால் கையைக் கட்டு. மோட்டார் ஸ்கில்லாம். எந்த மோட்டாருக்கு?

மகிழினி தினமும் கேட்டாள். "மிஸ், தராசு?"

"நாளைக்கு."

மறுநாள் வேனிலிருந்து இறக்கும்போதே, என் தோளில் கை வைத்துக் கேட்டாள். "இது நாளைக்கா மிஸ்?"

இதற்கு என்ன பதில் சொல்வாய் நீ? நான் மறுபடியும் நாளைக்கு என்றேன். அப்படியே ஒரு மாதம் ஓட்டினேன்.

ஜூலையில் ஒருநாள் சாயந்திரம் சுமதி அக்காவே கூப்பிட்டுப் போக வந்தார். கேட்டருகில் என்னை நிறுத்தினார். எனக்கு இரண்டடி பின்னால் கரஸ் ஒரு அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இவ தெனமும் வூட்டுக்கு வந்து தராசே குடுக்கலனு சொல்றா. அப்ப இது இன்னாடினு போன்ல இந்த போட்டோவ காட்டினா, அது அன்னிக்குங்கறா. இந்த வயசுல பொய் கத்துக்கினாளேனு நேத்து கன்னத்துல ரெண்டு வச்சிட்டேன். குடுக்கறீங்க இல்ல?"

கரஸின் பேச்சு நின்றது எனக்குக் கேட்டது.

"குடுக்கறோம்க்கா. டெய்லி."

"பாத்தியா, மிஸ்ஸே சொல்றாரு" என்றார் அம்மா. மகிழினி அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தாள். அழவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சும்மா பார்த்தாள்.

மறுநாள் அவள் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு வேன் பக்கத்தில் நிற்கிறேன், அவள் இறங்கி நேராக வகுப்புக்குப் போகிறாள். மூன்றாம் நாள் செலின் அக்கா பக்கத்தில் வந்தார். டிபன் ஆச்சா என்று கேட்கவில்லை.

"கேக்கறாளா?"

"இல்லக்கா."

"நிம்மதியா போச்சா? அவ கன்னத்துல வுழுந்தது நீ குடுத்ததுப்பா. எனக்கு இந்த வேல போனா வூட்ல அடுப்பு எரியாது, அதனால வாய மூடிக்கினு கீறேன். படிச்ச புள்ள, ஒண்டிக்கட்ட, உனக்கு இன்னா கேடு?"

அன்று சாயந்திரம் திண்டிவனம் ஸ்டேஷனில் இருந்து சுமதி அக்காவுக்கு போன் போட்டேன். "உங்க பொண்ணு சொன்னதுதான்க்கா உண்மை. நான்தான் பொய் சொன்னேன்." திட்டுவார் என்று காத்திருந்தேன். "வச்சிடு தம்பி" என்றார்.

அதற்குப் பிறகு ஆனதை முதலில் சொல்லிவிடுகிறேன். மகிழினியை அந்த வாரமே வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். என்னை அந்த வாரமே அனுப்பிவிட்டார்கள். அந்த அறை இன்றைக்கும் ஏப்ரல் ஆனால் திறக்கிறது என்று செலின் அக்கா போனில் சொன்னார். ஃபிளெக்ஸில் இப்போது வேறு குழந்தை. என் அக்கா மகனுக்கு நான் இன்னும் எதுவும் வாங்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனையே தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போகிறேன். அவன் எதைப் பிடித்து இழுக்கிறானோ அதுதான். அதனால் எந்த டெவலப்மென்ட் வருகிறதோ வரட்டும்.

ஆனால் போன் போட்டதற்கு மறுநாள் காலை நடந்ததை நான் இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

சுமதி அக்கா மகிழினியோடு வந்தார். யூனிபார்ம் போடாமல் கூட்டிவந்திருந்தார். பிள்ளைகளை விட வந்த பெற்றோர்கள் எல்லாம் நிற்கிற நேரம். கரஸைக் கூப்பிட்டு ஃபிளெக்ஸைக் காட்டினார்.

"சார், இது எம்பொண்ணு. இதுல அவ கையில இன்னா கீதோ அத அவ கையில குடுங்க. நான் பாக்கணும்."

"ஆக்டிவிட்டி ரெண்டு மணிக்கும்மா."

"பரவால்ல. ரெண்டு மணி வரைக்கும் இங்கியே இவங்ககிட்டலாம் பேசிக்கினு நிக்கறேன்."

கரஸ் சுற்றிலும் பார்த்தார். உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து செலின் அக்காவிடம் கொடுத்தார். கதவு திறந்தது. சுமதி அக்கா மகளிடம் குனிந்து, "போ, நீ சொன்னது நெசந்தான். அம்மாதான் தப்பா அடிச்சிட்டேன். போய் வெளையாடு" என்றார்.

மகிழினி வாசலிலேயே நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டிய பிறகுதான் உள்ளே போனாள். பாயின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கையை மடியில் மடக்கிவைத்துக்கொண்டு, இன்னொரு கையின் விரலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். நாங்கள் சொல்லிக்கொடுத்தபடி, அச்சுப் பிசகாமல்.

"எடுத்து வெளையாடுடி" என்றார் அம்மா. அவள் அசையவில்லை. நான் தராசைத் தூக்கிவந்து அவள் முன்னால் வைத்தேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விரலை மெல்ல எடுத்தாள்.

"எழுதணுமா மிஸ்?"

கேட்டுவிட்டு விரலைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டாள்.

சுமதி அக்கா கரஸைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. உள்ளே வந்து மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். விரலை எடுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, பஸ் ஏறும்வரை அவள் அதை எடுக்கவில்லை.