வக்கீலா, கண்டக்டரா?

எனக்குக் கல்யாணம் பிந்தித்தான் நடந்தது. மனைவிக்கு என்னைவிட வயது மிகவும் குறைவு. எங்கள் தாலுகாக்கள் சென்னையோடு சேராமல் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த வருடங்கள் அவை. குழித்துறைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கொப்பரைக் களத்தில் வேலை பார்த்தேன். முதலாளி வீட்டில் வாசித்து முடித்த வாரப் பத்திரிகையை எனக்குத் தருவார்கள். நான் படித்தது நாலாம் வகுப்பு. அவள் பள்ளிக்கூடம் போகாதவள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிறகு, அதில் வரும் தொடர்கதையை அவளுக்கு எழுத்துக்கூட்டி வாசிப்பேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன் நான். அவள் முன்னால் மட்டும் சத்தமாக வாசிக்க முடிந்தது.

கதையில் ஒரு வக்கீல். அவன் விரும்புகிற ஒரு டீச்சர். டீச்சர் போகிற பஸ்ஸில் ஒரு கண்டக்டர். அவளுக்கு இடம் பிடித்துக் கொடுப்பான், அவ்வளவுதான். நான் அவனைக் கணக்கில் எடுக்கவில்லை. என் மனைவியோ பத்திரிகையைக் கண்டதுமே கேட்பாள்.

"இந்த வாரம் கண்டக்டர் வாறானா?"

"வக்கீலாக்கும் கதாநாயகன்."

"அது உங்களுக்கு. எனக்கு அந்தப் பையன்தான்."

"அவன் ரெண்டு வரிதான் பேசுதான்."

"பேசுனாத்தான் ஆளா? நீங்க என்ன பேசித் தள்ளுதியளா?"

சிரித்து வைத்தேன். ஆனால் அது உள்ளே கிடந்து உறுத்தியது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் மணவாளக்குறிச்சியிலிருந்து குழித்துறைச் சித்தி வீட்டுக்கு அடிக்கடி பஸ்ஸில் வந்து போனவள். வேறொருவனை மனதில் வைத்துக்கொண்டு என்னோடு குடித்தனம் நடத்துகிறாளோ என்று பயந்தேன். பஸ் நிலையத்தில் காரியமில்லாமல் நின்று கண்டக்டர்களின் முகங்களைப் பார்க்கத் தொடங்கினேன்.

மாசியில் மண்டைக்காட்டுக் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனோம். பஸ்ஸில் நிற்க இடமில்லை. "அக்கா, கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க" என்றான் கண்டக்டர். டிக்கெட்டை என்னிடம் தராமல் அவள் கையில் கொடுத்தான். அக்கா என்ற வார்த்தை அவன் வாயில் ஏன் அவ்வளவு தயாராக இருந்தது? அவள் வெளியே தென்னைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்த வாரக் கதையில் கண்டக்டர் மேல் ஒரு திருட்டுப் பழி விழுந்தது. வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. பத்திரிகையை மூடினேன்.

"ஏட்டி, உள்ளதைச் சொல்லு. அந்தக் கண்டக்டர் யாரு?"

"எந்தக் கண்டக்டர்?"

"உனக்குத் தெரிஞ்ச கண்டக்டர்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட பாவி மனுசா! அவன் சாகப்போறவன் இல்லியா? அப்பாவி. பழி விழுந்தாச்சு. இனி வெட்டிப் போடுவானுவ. செத்தவனுக்குத்தானே கதை? வக்கீலு கோட்டும் போட்டுக்கிட்டு நல்லா இருக்கான், அவனுக்கு என்னத்துக்குக் கதை?"

அப்போதுதான் விளங்கியது. எங்கள் பக்கத்துச் சின்னக் கோயில்களில் கொடைக்கு வில்லடித்துப் பாடுகிற கதைகளில் பெரும்பாலும் அநியாயமாகச் செத்தவர்தான் பெரிய ஆள். செத்த பிறகு அவரே தெய்வமாகி நிற்பார். அவள் அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள். முதல் வாரத்திலிருந்தே யார் வெட்டுப்படுவான் என்று தேடியிருக்கிறாள்.

எனக்கு மூச்சு லேசாயிற்று. அவள் விடவில்லை.

"நானும் ஒண்ணு கேக்கட்டா? வக்கீல் வந்தா எழுத்துக்கு எழுத்து தட்டுதிய. கண்டக்டர் வந்தாலும் தட்டுதிய. டீச்சர் வந்தா மட்டும் தண்ணி போல ஓடுதே, அது என்னத்துக்கு?"

அவள் பத்திரிகையை எடுத்துத் திறந்து, கதைக்குப் போட்டிருந்த டீச்சர் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"குழித்துறையில இப்பிடி மூக்குள்ள ஒருத்தி உண்டா?"

இல்லை என்று உடனே சொன்னேன். அவ்வளவு உடனே சொல்லியிருக்கக் கூடாது.